மூச்சில் வந்து போகும் அமானிதம்



சென்ற ஆண்டு எங்கள் ஊருக்கு அடுத்த ஊரில் ஒரு ஜனாஸாத் தொழுகையை நடத்தி வைக்க நேர்ந்தது. மய்யித்து விமானத்தில் வந்து இறங்கியது. இருபத்தாறு வயது வாலிபர். வளைகுடா நாடொன்றில் வெல்டிங் வேலை பார்த்தவர். ஆள் இறங்கி வேலை செய்யும் பெரிய எவர்சில்வர் தொட்டி ஒன்றுக்குள், மதியச் சாப்பாடு முடிந்து இறங்கியவர் மேலே வரவில்லை. என்னவென்று எட்டிப் பார்த்த கூட்டாளி ஒருவர், கேரளத்துப் பிள்ளை, மாற்று மதத்துச் சகோதரர், அவரைத் தூக்கப் பதறி இறங்கினார். அவரும் வரவில்லை. தொட்டிக்குள் தீ இல்லை, புகை இல்லை, தண்ணீர் இல்லை. இருவர் மீதும் ஒரு காயமும் இல்லை.

தொழுகை முடிந்து, கபுறடக்கம் முடிந்து, வீட்டாருக்கு ஆறுதல் சொல்லப் போனபோது வாசற்படிக்கு உள்ளே அமர்ந்திருந்த அந்தத் தாய் என்னிடம் ஒன்று கேட்டார். "ஹஜ்ரத், என் பிள்ளை தண்ணியிலே விழல. நெருப்பிலே விழல. காத்துக்குள்ளே நின்ன பிள்ளை மூச்சு முட்டி எப்படி மவுத்தாகும்?"

'இன்னா லில்லாஹி' என்றேன். பொறுமையைப் பற்றி நாலு வார்த்தை சொன்னேன். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் கேட்டது பொறுமையைப் பற்றியல்லவே! தொட்டிக்குள் ஆர்கான் வாயு நிறைந்திருந்தது என்று பெட்டியோடு வந்த காகிதத்தில் எழுதியிருந்தது. ஆர்கான் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதை அந்த வீட்டில் சொல்லவும் எனக்குத் துணிவு வரவில்லை. அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் அஸருக்குப் பின், எங்கள் முஹல்லாவில் ரசாயனப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவரிடம் போய் உட்கார்ந்தேன். ஒரு நாள் என்று போனது பல நாட்களாயிற்று. நான் அறிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆர்கான் வாயுவைத் திருமறையில் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று கிளம்புகிறவர்கள் நம்மில் உண்டு. அந்த வேலைக்கு நான் வரவில்லை. விஞ்ஞானிகள் இன்று ஒன்றைச் சொல்வார்கள், நாளை அதைத் திருத்துவார்கள். திருத்துவதுதான் அவர்களுடைய கண்ணியம். அவர்களுடைய கணக்குப் புத்தகத்தோடு வேத வசனத்தைக் கயிறு போட்டுக் கட்டுவது வேதத்துக்கும் மரியாதையல்ல, விஞ்ஞானத்துக்கும் மரியாதையல்ல. படைப்பினங்களைப் பற்றிச் சிந்தியுங்கள் என்று நமக்குக் கட்டளை இருக்கிறது. அந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து சிந்திப்போம், அது போதும்.

நாம் சுவாசிக்கும் காற்றில் என்ன இருக்கிறது என்று பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டால், பிராணவாயு என்று சொல்லும், நைட்ரஜன் என்று சொல்லும், கரியமில வாயு என்றும் சொல்லும். உலர்ந்த காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன், 21 பங்கு பிராணவாயு. இவ்விரண்டுக்கும் அடுத்து மூன்றாவது இடத்தில் நிற்பது கரியமில வாயு என்றே நானும் எண்ணியிருந்தேன். மூன்றாவது ஆர்கான்தான்! நூற்றுக்கு 0.93 பங்கு. கரியமில வாயுவைப் போல் இருபது மடங்குக்கும் அதிகம். நாம் சாதாரணமாக இழுக்கும் ஒரு மூச்சு ஏறத்தாழ அரை லிட்டர். அதில் ஒரு தேக்கரண்டி அளவு ஆர்கான் உள்ளே போகிறது. ஒரு நாளில் நாம் விடும் மூச்சு இருபதாயிரம் என்று வைத்துக்கொண்டால், ஐந்தாறு குடம் நிறையும் ஆர்கான் நம் மார்புக்குள் போய் வருகிறது.

போய் என்ன செய்கிறது? ஒன்றும் செய்வதில்லை. பிராணவாயுவில் ஒரு பகுதியை உடல் எடுத்துக்கொண்டு கரியமில வாயுவைத் திருப்பித் தருகிறது. ஆர்கானில் எதையும் எடுப்பதுமில்லை, எதையும் சேர்ப்பதுமில்லை. இரத்தத்தில் ஒரு சிறிதளவு கரைந்து நிற்கும். அதுவும் வந்த கணக்குக்குப் போன கணக்கு சரியாக இருக்கும். இழுத்த ஆர்கான் எவ்வளவோ அவ்வளவும் அப்படியே வெளியே வந்துவிடுகிறது. ஒருவர் நம்மிடம் ஒப்படைத்த பொருளைக் கை படாமல் திருப்பிக் கொடுப்பதை அமானிதம் என்போம். ஒவ்வொரு மூச்சிலும் இந்த அமானிதத்தை வாங்கித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி ஒன்று நம்மிடம் வந்ததே நமக்குத் தெரியாது.

நமக்கு மட்டுமா தெரியாது? 1894ஆம் ஆண்டு வரை உலகத்தில் எவருக்கும் தெரியாது. ஆதம் (அலை) அவர்கள் முதற்கொண்டு எத்தனை ஞானிகள், எத்தனை மருத்துவர்கள்! மூச்சைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள்தாம் எத்தனை! எல்லோருடைய மூக்கின் வழியாகவும் இது போய் வந்துகொண்டுதான் இருந்தது.

இது கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு கேட்கத் தக்கது. 1785இல் இங்கிலாந்தில் ஹென்றி கேவண்டிஷ் என்ற செல்வந்தர், மனிதர் முகம் பார்த்துப் பேசவே கூச்சப்பட்டவர் என்பார்கள், ஒரு கண்ணாடிக் குழாயில் காற்றை அடைத்து மின்பொறிகளைச் செலுத்தி அதிலிருந்த நைட்ரஜனையும் பிராணவாயுவையும் ஒவ்வொன்றாக அகற்றினார். எல்லாம் போன பிறகும் ஒரு சிறு குமிழி போகாமல் நின்றது. நைட்ரஜனில் 120இல் ஒரு பங்குக்கு மேற்படாத ஏதோ ஒன்று மற்றதைப் போலில்லை என்று எழுதி வைத்தார். அந்தக் குமிழிதான் ஆர்கான். கண்ணெதிரே நின்றது, எழுத்திலும் ஏறிவிட்டது. ஆனால் நூறு ஆண்டுகளுக்கு மேல் அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

அதன் பின் ரேலே பிரபு வந்தார். வாயுக்களின் எடையைத் துல்லியமாக நிறுப்பது அவருடைய வேலை. ஒரு கண்ணாடிக் கோளத்தில் காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜனை நிரப்பி நிறுத்தார்: ஏறத்தாழ 2.310 கிராம். அம்மோனியா போன்ற பொருள்களிலிருந்து பிரித்த நைட்ரஜனை அதே கோளத்தில் நிரப்பி நிறுத்தார்: 2.299 கிராம். வித்தியாசம் 11 மில்லிகிராம். இருநூற்றில் ஒரு பங்கு! நம் கடைத்தெருவில் இதை வித்தியாசம் என்றே யாரும் மதிக்கமாட்டார்கள். "கை தவறியிருக்கும்" என்று தள்ளிவிட்டிருக்கலாம். அவர் தள்ளவில்லை. மறுபடி மறுபடி நிறுத்தார், வித்தியாசம் நீங்கவில்லை. 1892இல் 'நேச்சர்' இதழுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். இப்படி ஒரு வித்தியாசம் வருகிறது, காரணம் விளங்கவில்லை, ரசாயனம் அறிந்தவர்கள் யோசனை சொன்னால் நன்றியுடையவனாவேன் என்பது அதன் கருத்து. ஒரு பிரபு, பேர்பெற்ற விஞ்ஞானி, அச்சில் வரும் இதழில், தனக்கு விளங்கவில்லை என்று எழுதினார். அந்தத் தாயின் வாசற்படியில் எனக்கு வராத துணிவு அது. மார்க்கச் சட்டத்தில் நாற்பது கேள்வி கேட்டால் முப்பதுக்கு மேற்பட்டவற்றுக்குத் தெரியாது என்று சொல்லியனுப்பியதாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களைப் பற்றிச் சொல்லப்படுவதை மேடையில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சொல்வது சுலபம்.

அந்தப் புதிரில் வில்லியம் ராம்ஸே என்னும் ரசாயன அறிஞரும் சேர்ந்துகொண்டார். காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜனைப் பழுக்கக் காய்ச்சிய மக்னீஷியத்தின் மேல் மீண்டும் மீண்டும் செலுத்தினார். நைட்ரஜனை மக்னீஷியம் பற்றிக்கொண்டது. எதனோடும் சேராத ஒரு வாயு மிச்சமாக நின்றது. 1894 ஆகஸ்டில் ஆக்ஸ்போர்டில் கூடிய விஞ்ஞானிகள் சபையில் இருவரும் அதை அறிவித்தார்கள். சபைக்குத் தலைமை வகித்தவர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். கிரேக்க மொழியில் 'ஆர்கோஸ்' என்றால் வேலை செய்யாதவன், சோம்பேறி என்று பொருள். அப்படித்தான் ஆர்கான் என்று பெயர் விழுந்தது. 1904இல் ரேலேவுக்குப் பௌதிகத்திலும் ராம்ஸேவுக்கு ரசாயனத்திலும் நோபல் பரிசு கிடைத்தது. (இந்த ராம்ஸேவுக்கு நம் தென்னாட்டோடு ஒரு தொடர்பு உண்டு. ஜாம்ஷெட்ஜி டாட்டா நிறுவ விரும்பிய விஞ்ஞானக் கழகத்துக்கு இடம் பார்க்க 1900இல் இந்தியா வந்து, பெங்களூரே ஏற்றது என்று கருத்துச் சொன்னவர் அவர். அங்கேதான் இன்றும் அந்தக் கழகம் இருக்கிறது.)

சோம்பேறி என்ற பெயர் பொருத்தமா என்று கேட்டால், ரசாயனக்காரர்களின் நோக்கில் பொருத்தம்தான். பிரான்ஸ் நாட்டு மோய்ஸான் என்பவரிடம் ராம்ஸே 100 கன செண்டிமீட்டர் ஆர்கானை அனுப்பிவைத்தார். எதையும் தாக்கிச் சேர்ந்துகொள்ளும் ஃப்ளூரின் வாயுவை அதன்மேல் ஏவிப் பார்த்தார் மோய்ஸான். ஆர்கான் அசையவில்லை. 2000ஆம் ஆண்டில்தான், பின்லாந்து நாட்டு ஹெல்ஸின்கி நகரில், மிகக் கடுமையான குளிரில் உறையவைத்து, ஆர்கான் அடங்கிய ஒரு சேர்மத்தை உண்டாக்கிக் காட்டினார்கள். அதுவும் சற்றே வெப்பம் ஏறினால் குலைந்துவிடுமாம்.

ஆனால் வேலையில்லாதவன் என்று பெயர் வைத்த அதே மனிதன், அதன் பிறகு அதன் தலையில் ஏற்றிவைத்த வேலைகளைப் பாருங்கள். நம் வீடுகளில் நெடுங்காலம் எரிந்த குண்டு பல்புக்குள் இழை எரிந்து தேயாமல் காத்து நின்றது பெரும்பாலும் ஆர்கான்தான். டியூப் லைட்டுக்குள் பாதரச ஆவியோடு இருப்பதும் அதுதான். பழுக்கக் காய்ந்த எவர்சில்வரையும் அலுமினியத்தையும் இணைக்கும்போது பிராணவாயு பட்டால் இணைப்பு கெட்டுவிடும். ஆகவே சுடரைச் சுற்றி ஆர்கானைப் போர்த்தி வெல்டிங் செய்கிறார்கள். 'ஆர்கான் வெல்டிங்' என்ற பலகை நம் ஊர்ப் பட்டறை வாசல்களில் தொங்குகிறதே, அது இதுதான். அமெரிக்கர்கள் தங்கள் சுதந்திரப் பிரகடனத்தின் தோல் ஏட்டை 2003 முதல் ஆர்கான் நிரப்பிய பேழைக்குள் வைத்திருக்கிறார்கள். ஏடு மட்கக்கூடாது என்றால், எதையும் தொடாத காவலாளிதானே வேண்டும்!

வீட்டுத் திண்ணையில், சம்பாதிக்கும் வயது கடந்து, தஸ்பீஹ் மணியோடு உட்கார்ந்திருக்கும் வாப்பாவைச் 'சும்மா இருக்கிறவர்' என்று மருமக்கள் பேசும் வீடுகளை நான் அறிவேன். அவர் திண்ணையில் இருப்பதால் அந்த வீட்டில் என்னென்ன நடக்காமல் இருக்கிறது என்பது, அவர் கபுறுக்குப் போன பிறகு தெரியும். இதை விரிக்க வேண்டாம், விளங்குகிறவர்களுக்கு விளங்கும்.

இனி, இந்த வாயு எங்கிருந்து வந்தது என்பதைக் கேளுங்கள். நான் வியந்து போனது இந்த இடத்தில்தான். பூமியின் பாறைகளிலும் மண்ணிலும் பொட்டாசியம் என்றொரு தனிமம் கலந்திருக்கிறது. அதில் மிகச் சொற்பமான ஒரு வகைக்கு, பொட்டாசியம் 40 என்று பெயர். அது தானாகவே மெல்ல மெல்ல மாறிக்கொண்டிருக்கிறது. இருப்பதில் பாதி மாறுவதற்கு 125 கோடி ஆண்டு ஆகும். மாறுவதில் பத்தில் ஒரு பங்கு ஆர்கானாகிறது; மற்றது கால்சியமாகிறது. நாம் சுவாசிக்கும் ஆர்கானில் நூற்றுக்கு 99.6 பங்கு இப்படிக் கல்லுக்குள் பிறந்து, எரிமலைகள் வழியாகவும் பாறைகள் சிதைவதாலும் வெளியேறி, காற்றில் சேர்ந்ததாகும். கல் விட்ட மூச்சை நாம் வாங்கிக்கொண்டிருக்கிறோம்!

வெளியே வராமல் கல்லுக்குள்ளேயே சிக்கிய ஆர்கானை அளந்து, அந்தக் கல்லின் வயதைக் கணக்கிடுகிறார்கள். இத்தாலியில் வெசூவியஸ் மலை கி.பி. 79இல் வெடித்து பாம்பி நகரத்தை மூடிய செய்தி வரலாற்றில் உள்ளது. அந்த மலை கக்கிய கல்லை எடுத்து 1997இல் ஆர்கான் முறையில் அளந்து பார்த்தபோது, 1925 ஆண்டு, சுமார் 94 ஆண்டு முன்பின்னாக இருக்கலாம் என்று விடை வந்தது. உண்மையான வயது 1918 ஆண்டு. ஊமைக் கல் சொன்ன சாட்சியம் ஏழே ஆண்டில்தான் விலகி நின்றது.

கல்லில் மட்டுமல்ல. பேரீச்சம்பழத்திலும், வாழைப்பழத்திலும், இளநீரிலும், கீரையிலும் பொட்டாசியம் உண்டு. அது இல்லாமல் நரம்பும் இருதயமும் இயங்கா. வளர்ந்த ஆணின் உடலில் ஏறத்தாழ 140 கிராம் இருக்கும். அதிலும் அந்த மாறும் வகை சொற்ப அளவில் கலந்தே இருக்கிறது. கணக்குப் போட்டால், ஒவ்வொரு வினாடியும் நம் உடலுக்குள் நானூறுக்கு மேற்பட்ட ஆர்கான் அணுக்கள் புதிதாகப் பிறக்கின்றன. நீங்கள் இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் ஓராயிரம் பிறந்திருக்கும். அவற்றையும் இரத்தம் சுமந்து போய் மூச்சில் விட்டுவிடுகிறது. காற்றில் இருக்கும் ஆர்கானோடு ஒப்பிட்டால் இது ஒரு கணக்கே அல்ல என்றார் பேராசிரியர். எனக்கோ, நோன்பு திறக்கையில் வாயிலிட்ட பேரீச்சம்பழம் ஒரு நாள் காற்றாகிப் போகிறது என்று நினைக்கவே மெய் சிலிர்த்தது.

போன ஆர்கான் எங்கே போகிறது? பிராணவாயு எரிகிறது, தண்ணீராகிறது, செடியாகிறது, துருவாகிறது. ஆர்கான் எதுவுமாவதில்லை. இந்த வருடம் நாம் விட்ட ஆர்கான் இரண்டொரு வருடத்தில் உலகக் காற்று முழுவதிலும் கலந்துவிடும். பின்னர் யார் யாருடைய மார்பிலோ ஏறி இறங்கிக்கொண்டேயிருக்கும். ஆகையால் முன்சென்றவர்கள் விட்ட மூச்சு நம்மிடம் வந்துகொண்டிருக்கிறது என்று சொன்னால் அது கவிதையல்ல, கணக்கு. அறுபது ஆண்டுக்கு மேல் வாழ்ந்த ஒருவர் தம் ஆயுள் முழுவதும் சுவாசித்த காற்றைக் கணக்கிட்டு, அது உலகம் முழுவதும் கலந்த பின் நம் ஒரு மூச்சில் எவ்வளவு வரும் என்று பேராசிரியரிடம் கேட்டேன். காகிதத்தில் போட்டுக் காட்டினார்: அவருடைய மார்பில் போய் வந்த ஆர்கான் அணுக்கள் ஏறத்தாழ 50 லட்சம். நம்முடைய ஒவ்வொரு மூச்சிலும்!

நான் யாரை நினைத்துக் கேட்டேன் என்பது உங்களுக்கு விளங்கியிருக்கும். 63 வருட ஹயாத்தை மக்காவிலும் மதீனாவிலும் கழித்த கண்மணி நாயகம் (ஸல்) அவர்களை நினைத்தே கேட்டேன். விடையைக் கேட்டதும் என் கண் கலங்கியது உண்மை. மூச்சை ஆழ இழுத்துக்கூடப் பார்த்தேன். அப்போது பேராசிரியர் மெதுவாகச் சொன்னார்: "ஹஜ்ரத், அதே கணக்கு அபூஜஹ்லுக்கும் உண்டு. ஃபிர்அவ்னுக்கும் உண்டு."

சுருக்கென்றது. ஆனால் நியாயம். அணுவுக்குப் பரக்கத்து வைத்து, நாளைக்கே யாராவது 'முபாரக்கான மூச்சு' என்று புட்டியில் அடைத்து விற்கக் கிளம்பிவிடுவான். நம் சமுதாயத்தில் வாங்கவும் ஆளிருக்கும். நபியின் மார்பிலும் பகைவனின் மார்பிலும் அதே காற்றுதான் ஏறி இறங்கியது. அந்த மூச்சைக் கொண்டு அவர்கள் கலிமாவை மொழிந்தார்கள், இவன் ஏசினான். காற்றுக்கு அதில் பங்கில்லை. தீண்டத்தகாதவன் என்று ஒரு மனிதனை எட்ட நிறுத்துகிறவனும், அவன் மார்பிலிருந்து வந்ததைத் தன் மார்புக்குள் வாங்கித்தான் அந்த வார்த்தையைச் சொல்கிறான் என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன். இவ்வளவு சாதுவான ஒன்று, நம் ஒவ்வொரு மூச்சிலும் இருக்கும் ஒன்று, எப்படி உயிரைக் கொண்டுபோகும்?

ஆர்கான் நஞ்சல்ல. அது செய்யும் தீங்கெல்லாம் பிராணவாயுவின் இடத்தைத் தான் பிடித்துக்கொள்வதுதான். காற்றைவிட அது 38 சதவீதம் கனமானது. ஆகவே திறந்த வெளியில் கலைந்துவிடும் ஆர்கான், தொட்டியிலும் குழியிலும் பள்ளத்திலும் தண்ணீர் போல் அடியில் தேங்கி நிற்கும். பெரிய சிலிண்டர் ஒன்றில் ஏறத்தாழ 7 கன மீட்டர் வாயு அடைபட்டிருக்கிறது. இரண்டு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரமுள்ள ஒரு தொட்டியின் கொள்ளளவே 8 கன மீட்டர்தான். வெல்டிங் டார்ச்சைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு, சிலிண்டர் வால்வைச் சரியாக மூடாமல் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது தொட்டியில் நிற்பது காற்றாக இருக்காது. பார்வைக்குத் தெரியாது. நிறமில்லை. சமையல் எரிவாயுவுக்கு நாற்றம் சேர்த்திருக்கிறார்கள், கசிந்தால் மூக்கு சொல்லிவிடும். ஆர்கானுக்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை.

எல்லாவற்றிலும் கொடியது இன்னொன்று. மூச்சு முட்டுகிறது என்கிற உணர்வு நமக்குப் பெரும்பாலும் பிராணவாயு குறைவதால் வருவதில்லை. கரியமில வாயு உடலில் சேருவதால் வருகிறது. தலையணையால் முகத்தை மூடினால் அது சேரும், திமிறுவோம். ஆர்கான் நிறைந்த தொட்டியில் மூச்சு தாராளமாக உள்ளே போகும், தாராளமாக வெளியே வரும். கரியமில வாயு வழக்கம்போல் வெளியேறிக்கொண்டே இருக்கும். எனவே உடல் எச்சரிக்கை செய்வதில்லை. பிராணவாயுவே இல்லாத காற்றை இரண்டொரு தடவை இழுத்தாலே போதும். இரத்தத்தில் இருந்ததும் வெளியே போய்விடும். சில வினாடிகளில் நினைவு தப்பும். சில நிமிடங்களில் உயிர் பிரியும். ஏணியில் ஏறித் தப்பிக்க வேண்டும் என்ற எண்ணம் வருவதற்கே அவகாசமில்லை. காப்பாற்றக் குதிப்பவருக்கும் அதே வினாடிகள்தாம். இத்தகைய விபத்துகளில் ஒருவர் பின் ஒருவராக இறங்கி மாண்டவர்கள் உலகெங்கும் உண்டு.

உயிரைப் பாதுகாப்பது ஷரீஅத்தின் ஐந்து பெரும் நோக்கங்களில் ஒன்று என்று நம் உலமாக்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே இந்த விஷயத்தைப் பட்டறைக்காரர்களிடமும் பொறியாளர்களிடமும் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். பிள்ளைகளை வெல்டிங் வேலைக்கு அனுப்பும் பெற்றோரே, கேட்டுக்கொள்ளுங்கள். வேலையை விட்டு எழுந்தால், ஐந்து நிமிடமானாலும், டார்ச்சையும் குழாயையும் தொட்டியிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும். சிலிண்டர் வால்வை மூட வேண்டும். மறுபடி இறங்குமுன் ஊதுவிசிறி வைத்துச் சுத்தமான காற்றை உள்ளே செலுத்தி, பிராணவாயுவை அளக்கும் கருவியை அடிவரை இறக்கிப் பார்க்க வேண்டும். 20.9 என்று காட்டினால் சரி. 19.5க்குக் கீழே காட்டினால் இறங்கக்கூடாது. மேஸ்திரி திட்டினாலும் கூடாது, ஓவர்டைம் போனாலும் கூடாது. ஒருவர் உள்ளே இருந்தால் இன்னொருவர் வெளியே நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் இடுப்பிலும் தோளிலும் வார் கட்டி, அதன் கயிறு வெளியே இருக்க வேண்டும். அவர் விழுந்துவிட்டால் கயிற்றை இழுங்கள், கூச்சலிடுங்கள். காற்றுச் சிலிண்டரோடு கூடிய முகமூடி இல்லாமல் யாரும் இறங்காதீர்கள். ஈரத் துணியும், மூக்கில் கட்டும் முகமூடியும் இதற்குப் பயன்படா. அவை தூசியைத் தடுக்கும், இல்லாத பிராணவாயுவைத் தரா. வேறொரு தவறும் நடக்கிறதாம்: காற்று வேண்டுமே என்று பிராணவாயு சிலிண்டரையே தொட்டிக்குள் திறந்துவிடுகிறார்கள். அதில் ஒரு பொறி பட்டால் உடுத்திய துணியே குபீரென்று பற்றிக்கொள்ளும். கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்ப்பது நம் முன்னோர் வழக்கம். எரியும் ஆவிகள் இருக்கக்கூடிய தொட்டிக்குள் அதைச் செய்யவே கூடாது.

இவற்றையெல்லாம் தெரிந்துகொண்ட பின் ஒரு நாள் மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். அந்தத் தாய் அதே இடத்தில் அமர்ந்திருந்தார். "உம்மா, நீங்கள் கேட்டதற்கு அன்றைக்கு எனக்கு விடை தெரியாது. அதைச் சொல்லாமல் போய்விட்டேன், மன்னிக்க வேண்டும்" என்றேன். பிறகு, கனமான காற்று தொட்டியில் தேங்கியதை, மூச்சு தாராளமாக வந்து போனதை, நினைவு தப்பியதை, அவருக்கு விளங்கும்படி சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

"அப்போ என் பிள்ளை தவிக்கலியா ஹஜ்ரத்?"

"தவிக்கவில்லை உம்மா. மூச்சு முட்டியிருக்காது. தனக்கு என்ன நேர்கிறது என்றே அறிந்திருக்கமாட்டார்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு துஆச் செய்யச் சொன்னார். துஆ ஓதி முடித்து எழுந்தபோது, "காப்பாத்த இறங்கின அந்தப் பிள்ளை, அவுக வீட்டுல இதைச் சொல்ல ஆள் போயிருப்பாகளா?" என்று கேட்டார்.

அந்தப் பிள்ளையின் ஊர் விலாசத்தை இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.